யூத இனப்படுகொலையிலிருந்து தப்பிய குடும்பக் கதையை இசை நாடகமாகச் சொல்வது எப்படி? மேடையில் அழவேண்டுமா?

அழவேண்டியதில்லை. பியானோ கலைஞர் மோனா கோலாபெக் செய்ததைப் பாருங்கள். அவருடைய அம்மா லீசா யூரா, வியன்னாவில் பியானோ படித்த யூதச் சிறுமி. 1938இல், 14 வயதில், பிரிட்டன் சுமார் 10,000 குழந்தைகளுக்கு அடைக்கலம் தந்த ‘கிண்டர்டிரான்ஸ்போர்ட்’ ரயிலில் ஏறி லண்டன் போனார். பெற்றோர் உயிர் பிழைக்கவில்லை.

ஹெர்ஷி ஃபெல்டர் இயக்கிய ஒருநபர் நாடகத்தில் (2012, லாஸ் ஏஞ்சலஸ்) மகள் அம்மாவாகவே பேசுகிறார், பேசிக்கொண்டே வாசிக்கிறார். பின்னால் தொங்கும் படச்சட்டங்களில் பழைய படங்கள் வந்து போகின்றன.

இங்கே இசை வெறும் பின்னணி இல்லை, கதையே அதுதான். லீசா மேடையேறி வாசிக்கக் கனவு கண்டது நார்வே இசையமைப்பாளர் கிரீக்கின் பியானோ கான்செர்ட்டோவை (இசைக்குழுவோடு பியானோ வாசிக்கும் படைப்பு). நாடகத்தை அதன் பகுதிகள் தாங்கிச் செல்கின்றன. சொல் நின்றுபோகும் இடத்தை விரல்கள் எடுத்துக்கொள்கின்றன. வாசிப்பவரின் முகத்தில் பெரிய நடிப்பு எதுவும் தேவைப்படுவதில்லை (என்னைக் கேட்டால், இருந்தால் கெட்டுவிடும்).

உங்கள் குடும்பக் கதை என்றால், முதலில் வீட்டில் யார் எதைப் பாடினார்கள், வாசித்தார்கள் என்று கேளுங்கள். வசனம் பிறகு எழுதலாம்.