பழைய லாரியில் செய்த டிரெய்லருக்கு லாரி நம்பரைப் போடலாமா?

கேள்வி: அப்பாவின் பழைய லாரி பல வருடமாக ஓடாமல் கிடந்தது. அதன் பின் ஆக்சில், சேஸிஸ், பலகைகளை வைத்துப் பட்டறையில் டிராக்டருக்கு ஒரு டிரெய்லர் செய்துவிட்டோம். லாரியின் ஆர்.சி. புக் அப்பா பெயரில் இருக்கிறது. அந்த நம்பரையே டிரெய்லரில் எழுதிக்கொள்ளலாமா? டிராக்டருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, அது போதாதா?

பதில்: நம்பரை மட்டும் எழுதிவிடாதீர்கள். அது லாரிக்குக் கொடுத்த நம்பர். வேறொரு வண்டியில் மாட்டினால் மோசடி வழக்கு வரை போகும். லாரியைப் பிரித்துவிட்டதால், மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 55-ஆவது பிரிவுப்படி அப்பா ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். 14 நாள் கெடு தாண்டியிருந்தாலும் பரவாயில்லை, இப்போதாவது கொடுக்கட்டும். வரி பாக்கி இருக்கிறதா என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

சேஸிஸில் குத்தியிருக்கும் நம்பரை கிரைண்டர் வைத்துத் தேய்த்துவிடலாம் என்று பட்டறையில் யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். தேய்த்த தடம் இருந்தாலே திருட்டு வண்டியோ என்ற சந்தேகம்தான் முதலில் வரும். நம்பர் அப்படியே இருந்தால், ஒப்படைத்த ஆர்.சி.யின் நகலைக் காட்டிப் பதில் சொல்லலாம்.

சட்டத்தின் கண்ணில் டிரெய்லர் தனி வாகனம். 39-ஆவது பிரிவுப்படி அதற்குத் தனிப் பதிவு வேண்டும். பொது இடம் மட்டுமல்ல, 'வேறு எந்த இடத்திலும்' பதிவில்லாமல் ஓட்டக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. சொந்த வயல்தானே என்ற வாதம் எடுபடாது. முதல் முறை பிடிபட்டால் 192-ஆவது பிரிவில் 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம்.

சிக்கல் எங்கே என்றால், பதிவுக்குத் தயாரிப்பாளரின் விற்பனைச் சான்றும் (படிவம் 21) தகுதிச் சான்றும் (படிவம் 22) கேட்பார்கள். பட்டறை ரசீது அதற்கு ஈடாகாது. எழுத்து மூலம் ஆர்.டி.ஓ.விடம் கேட்டுப் பாருங்கள், ஆனால் பெரிதாக நம்பிக்கை வைக்க வேண்டாம்.

டிராக்டர் இன்சூரன்ஸ் போதாது. பாலிசியில் டிரெய்லரும் சேர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால், விபத்து நடந்தால் தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீடு உங்கள் தலையில் விழலாம். கம்பெனி முதலில் கொடுத்தாலும், பிறகு உங்களிடம் வசூலிக்க உத்தரவாகும் வழக்குகள் உண்டு. பக்கத்து வயல்காரருக்கு வாடகைக்கு விட்டால் ஆபத்து இன்னும் அதிகம். விவசாய உபயோகம் என்று எடுத்த பாலிசியின் நிபந்தனையே மீறப்படுகிறது.

என்னைக் கேட்டால், ஆர்.சி. உள்ள பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கி, பெயர் மாற்றி, பாலிசியிலும் சேர்த்துவிடுங்கள். அதுவரை நீங்கள் செய்ததை டிராக்டரில் மாட்டாதீர்கள்.