வெள்ளிக்கிழமை விடுதலை

அன்புள்ள ஐயா,

நார்வேயின் ஹால்டன் சிறை பற்றி ஒரு காணொளி பார்த்தேன். தனி அறை, தொலைக்காட்சி, ஜன்னலில் கம்பிகூடக் கிடையாது. கொலை செய்தவனுக்கு இந்தச் சொகுசு நியாயமா? ஆனால் அங்கே மறுபடி குற்றம் செய்பவர்கள் 20 சதவீதம்தானாம், அமெரிக்காவில் 76. அப்படியானால் எல்லா நாடுகளும் அறையை மாற்றினால் போதுமா? பள்ளிப் பிள்ளைகளைச் சிறைக்கு அழைத்துப்போய்க் காட்டினால் முளையிலேயே கிள்ளலாம் என்றும் தோன்றுகிறது.

கே.

அன்புள்ள கே.,

சொகுசு என்று கோபப்படுகிறீர்கள். அடுத்த வரியிலேயே, பலன் இருக்கிறதோ என்று யோசிக்கிறீர்கள். அந்தத் தடுமாற்றம் பிடித்திருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

பிள்ளைகள் விஷயத்தை விட்டுவிடுங்கள். 1970களில் நியூஜெர்சியின் ராவே சிறையில் செய்து பார்த்தாயிற்று. இத்தகைய திட்டங்களைப் பின்னர் முறையாக ஒப்பிட்டபோது, சிறையைக் காட்டி மிரட்டி அனுப்பப்பட்ட பிள்ளைகள்தான், போகாதவர்களைவிட அதிகம் குற்றத்தில் சிக்கியிருந்தார்கள்.

ஆனால் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தீர்களே, அதற்குத் திட்டாமல் விட முடியாது. நார்வேயின் 20 என்பது, வெளியே வந்து 2 ஆண்டுக்குள் புதிதாகத் தண்டனை பெற்றுச் சிறைத்துறையிடம் திரும்பியவர்கள். அமெரிக்காவின் 76 என்பது, 2005இல் 30 மாநிலங்களில் விடுதலையானவர்களில் 5 ஆண்டுக்குள் ஒருமுறையாவது கைதானவர்கள். அதே ஆய்வில், மறுபடி குற்றவாளி என்று தீர்ப்பானவர்களை மட்டும் எண்ணினால் 55. ஒருவரை முழத்தாலும் இன்னொருவரைச் சாணாலும் அளந்துவிட்டு யார் உயரம் என்று கேட்கலாமா? நார்வே மோசம் என்று சொல்லவில்லை. இந்தக் கணக்கை வைத்து அறைக்குப் பாராட்டுப் பத்திரம் எழுதாதீர்கள் என்கிறேன்.

அந்தக் காணொளி காட்டாத ஒன்று உண்டு. அங்கே ஆசிரியரும் மருத்துவரும் நூலகரும் சிறை ஊழியர்கள் அல்ல. வெளியே பொதுமக்களுக்குச் சேவை செய்யும் அதே நிர்வாகங்களிலிருந்து உள்ளே வருகிறவர்கள். அதனால் விடுதலையானவர் புதிதாக ஒரு அலுவலகத்தில் போய் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியதில்லை. சில நாட்களாக என் மண்டையைக் குடைந்துகொண்டிருப்பதும் இதுதான்: சிறை அறை அல்ல, சிறை வாசல்.

இங்கிலாந்தைப் பாருங்கள். வெளியே போகிறவருக்குக் கொடுத்த தொகை 1995 முதல் 46 பவுண்டு. 2021இல்தான் 76 ஆயிற்று. அதிலும் வெள்ளிக்கிழமை விடுதலை என்றால் தீர்ந்தது. மதியத்துக்குள் நன்னடத்தை அதிகாரியைப் பார்க்க வேண்டும், வீட்டு உதவி அலுவலகம் மூடுவதற்குள் ஓட வேண்டும். ஹெராயின் பழக்கத்துக்குச் சிகிச்சையாகத் தரும் மெத்தடோன் மருந்தைக் குடிப்பவராக இருந்தால், சிறையிலிருந்து போக வேண்டிய மருந்துச் சீட்டு மருந்துக்கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சேரவில்லையென்றால் திங்கள்வரை கேட்க ஆளில்லை. பழைய கூட்டாளிக்கு மட்டும் சனி ஞாயிறு விடுமுறை கிடையாது. 2023இல் சட்டம் கொண்டுவந்து, இப்படி மாட்டிக்கொள்பவர்களை இரண்டு நாள்வரை முன்னதாக விட வழி செய்தார்கள்.

இரண்டு நாளுக்கு இவ்வளவு பேச்சா என்பீர்கள். வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைப் பற்றி 2007இல் ஓர் ஆய்வு வந்தது. முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் சாகும் வாய்ப்பு, மற்றவர்களைவிட 12.7 மடங்கு. போதைமருந்து மிகையாகிச் சாவது மட்டும் 129 மடங்கு. உள்ளே இருந்த மாதங்களில் உடம்பு அந்த மருந்தை மறந்துவிடுகிறது, கை மறப்பதில்லை. பழைய அளவையே ஏற்றிக்கொள்கிறார், மூச்சு நின்றுவிடுகிறது. ஸ்காட்லாந்தில் 2011 முதல் வாசலிலேயே, ஹெராயின் போன்றவற்றின் வேகத்தை முறிக்கும் நலோக்சோன் மருந்தைக் கொடுத்தனுப்புகிறார்கள். தொடையில் ஊசியாகப் போட்டால் சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். ஆனால் அது அரை மணி, ஒரு மணியில் இறங்கிவிடும், ஹெராயின் இறங்காது. ஆம்புலன்ஸை அழைத்தே ஆக வேண்டும். அதைவிட முக்கியம், தனக்குத் தானே போட்டுக்கொள்ள முடியாது. கூட இருப்பவருக்கும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

இத்தனையும் தேதி முன்பே தெரிந்தவர்களுக்கு. விசாரணைக் கைதியைக் காலையில் நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போவார்கள், நீதிபதி விட்டுவிட்டால் அங்கிருந்தே வெளியே போய்விடுவார். அவருடைய மாத்திரையும் அடையாள அட்டையும் சிறை அறையிலேயே கிடக்கும். இவருக்கு என்ன செய்வது என்று உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.