பட்டறைப் பதில்கள்: கால்வாசியில் நிற்கும் முள்

கேள்வி: என் பழைய ஜீப்பில் அசல் இன்ஜினை இறக்கிவிட்டு வேறு கம்பெனி டீசல் இன்ஜினைப் போட்டிருக்கிறேன். டேஷ்போர்டு பழையதுதான். புது இன்ஜினோடு வந்த சென்சாரில் பழைய ஒயரை மாட்டினோம். எவ்வளவு தூரம் ஓட்டினாலும் டெம்பரேச்சர் முள் கால்வாசியைத் தாண்டுவதில்லை. ஆனால் ரேடியேட்டரின் மேல் ஹோஸில் கை வைக்க முடியவில்லை. போன வாரம் ஒரு மேட்டில் ஏறும்போது கூலன்ட் பொங்கி வழிந்தது, அப்போதும் முள் அதே கால்வாசிதான்! மீட்டரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றட்டுமா?

பதில்: வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைக்குமாவது பொறுங்கள்.

பொங்கிய விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். முள்ளை நம்பலாம் என்று ஆகும்வரை மேடு, பாரம் எதுவும் வேண்டாம். இன்ஜின் மாற்றிய வண்டியில் ஹெட்டுக்குள் (இன்ஜினின் மேல்பாகம்) காற்று அடைத்துக்கொள்வது சகஜம். சென்சாரின் நுனி தண்ணீரில் நிற்காமல் காற்றில் நின்றால் அது சொல்வது தண்ணீரின் சூடு அல்ல. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து (சூட்டோடு திறந்து முகத்தை வேகவைத்துக்கொள்ளாதீர்கள்) கூலன்ட் அளவைப் பாருங்கள், காற்றை வெளியேற்றுங்கள். மூடியின் ரப்பர் காய்ந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

சரி, முள்ளுக்கு வருவோம். உங்கள் மீட்டருக்கு டிகிரி தெரியாது. அதற்குத் தெரிந்தது ஓம், அதாவது கரண்டைத் தடுக்கும் அளவு, மட்டும்தான். சூடு ஏற ஏற சென்சாரின் ஓம் இறங்கும், கரண்ட் கூடும், முள் ஏறும். எத்தனை டிகிரிக்கு எத்தனை ஓம் என்பதில்தான் வம்பு. மீட்டருக்கென்று செய்த சென்சாரில் பரவலாகக் கிடைக்கும் ஒரு வகை, 40 டிகிரியில் சுமார் 290 ஓமும் 120 டிகிரியில் சுமார் 22 ஓமும் காட்டும். இன்ஜின் கம்ப்யூட்டருக்கென்று செய்த ஒரு வகையோ 20 டிகிரியில் 2,500 ஓம் பக்கம் இருந்து, 100 டிகிரிக்கு வந்தால்கூட 190 ஓம் அளவில்தான் நிற்கும். முதல் வகைக்கான மீட்டரில் இந்த இரண்டாவதை மாட்டினால், தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்போது மீட்டர் அதை ஏதோ 50 டிகிரி என்று நினைத்துக்கொள்ளும். உங்கள் கால்வாசி எனக்கு அந்த வாசனைதான் அடிக்கிறது.

சென்சாரில் எத்தனை பின் என்று எண்ணிப் பாருங்கள். ஒற்றைப் பின் என்றால் பெரும்பாலும் மீட்டருக்கானது. இரண்டு பின் இருந்தால் அது கம்ப்யூட்டருக்கானதாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் மீட்டர் ஒயரை அதிலிருந்து உடனே கழற்றுங்கள். கம்ப்யூட்டர் அந்த ஒயரில் வரும் வோல்ட்டையும் பார்த்துத்தான் டீசல் அளவை முடிவு செய்கிறது. நடுவில் மீட்டரும் அதே ஒயரில் தொங்கினால் இரண்டுமே குழம்பும்.

அடுத்தது எர்த். ஒற்றைப் பின் சென்சாருக்கு இன்னொரு ஒயர் கிடையாது. அதன் மரை வழியாக இன்ஜினுக்கும், அங்கிருந்து பாடிக்கும் பேட்டரிக்கும் கரண்ட் போயாக வேண்டும். இன்ஜின் இறக்கி ஏற்றும்போது மறந்துபோகிற முதல் சாமான் அந்த எர்த் பட்டைதான். மறக்காவிட்டாலும் பெயின்ட்டுக்கு மேல் போல்ட்டை முறுக்கி வைப்பார்கள். அதை நானே செய்திருக்கிறேன். என் சொந்த வண்டியில், அழகாகப் பெயின்ட் அடித்த பிராக்கெட்டின் மேல் எர்த் பட்டையை வைத்து முறுக்கிவிட்டு, மூன்று வாரம் தெர்மோஸ்டாட்டை (சூடு ஏறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாமல் மூடி நிற்கும் வால்வு) சந்தேகித்துக்கொண்டிருந்தேன். தெர்மோஸ்டாட்டை இரண்டு முறை மாற்றவும் செய்தேன். கடைசியில் உப்புத்தாள் கொண்டு ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பெயின்ட்டைச் சுரண்டியதும் முள் தன் இடத்துக்கு ஏறிவிட்டது. முன்னே சொன்ன முதல் வகைச் சென்சார் 90 டிகிரியில் 50 ஓம் பக்கம் இருக்கும். எர்த்தில் ஒரு 30 ஓம் சேர்ந்தால் மீட்டருக்கு 80 ஓம் தெரியும், அது 75 டிகிரி பக்கம் காட்டும். மோசமான எர்த் இன்ஜினை எப்போதும் குளிர்ச்சியாகவே காட்டும், அதுதான் ஆபத்து. சென்சார் மரையில் டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றினாலும் இதே கதை நடக்கலாம். ஹோஸை வெட்டி நடுவில் குழாய் அடாப்டர் போட்டு அதில் சென்சாரை முடுக்கியிருந்தால், இரண்டு பக்கமும் ரப்பர். அடாப்டருக்கென்று தனியாக ஓர் எர்த் ஒயர் கொடுத்தே தீர வேண்டும்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை வேலை. பழைய இன்ஜினின் சென்சார் கைவசம் இருக்கிறதா? இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஒரு பாத்திரத்தில் தண்ணீர், அடுப்பு, சமையல் தெர்மாமீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். சென்சாரின் நுனி மட்டும் தண்ணீரில் மூழ்கும்படி, அடியைத் தொடாமல் தொங்கவிடுங்கள். வண்டியின் மீட்டர் ஒயரை நீட்டி அதன் பின்னில் மாட்டி, சென்சாரின் உடம்பிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு ஒரு ஒயர் இழுங்கள். சாவியைப் போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள், டீசல் வாடை இல்லாத இடமாகப் பார்த்து. 60, 80, 90 டிகிரியில் முள் எங்கே நிற்கிறது என்று டேஷ்போர்டைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கொதிநிலை கடல் மட்டத்தில்தான் 100. மேலே போகப்போக ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும், அதனால் தெர்மாமீட்டரையே நம்புங்கள். நான் மீட்டர் கண்ணாடியில் 80-க்கும் 95-க்கும் நகப்பூச்சால் இரண்டு புள்ளி வைத்திருக்கிறேன். பார்க்க அசிங்கம்தான்.

பழைய சென்சாரைப் புது இன்ஜினில் மாட்டுவதுதான் என் சிபாரிசு. மரை ஒத்துப்போகாவிட்டால் அதற்கு அடாப்டர் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: 1/8 அங்குலக் குழாய் மரையில் அமெரிக்க அளவுக்கு அங்குலத்துக்கு 27 மரை, பிரிட்டிஷ் அளவுக்கு 28. கையால் இரண்டு சுற்று ஏறிவிடும், அப்புறம் பலத்தைக் காட்டினால் ஹெட்டுதான் போகும். அடாப்டர் நீளமாக இருந்தால் நுனி ஓட்டமில்லாத தண்ணீரில் முடங்கும், முள் தாமதமாக எழும்பும். இடமும் முக்கியம்: ஹெட்டிலிருந்து தண்ணீர் வெளியேறும் பக்கம், தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால். தெர்மோஸ்டாட்டுக்கு அப்பால் வைத்தால் அது திறக்கும்வரை முள்ளுக்கு ஒன்றும் தெரியாது.

பழைய சென்சாரைத் தூக்கிப் போட்டுவிட்டீர்கள் என்றால், மீட்டரும் சென்சாரும் ஒரே பெட்டியில் வரும் செட்டாக வாங்குங்கள். அப்போதும் மீட்டரை மட்டும் தனியாக வாங்காதீர்கள். நடுவில் ரெசிஸ்டர் போட்டுச் சரிக்கட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். முள் அதிகமாகக் காட்டினால் தொடராகவும், குறைவாகக் காட்டினால் சென்சாருக்குப் பக்கவாட்டில் இணையாகவும் போடுவது வழக்கம். ஒரு டிகிரியில் பொருந்தும், மற்ற இடங்களில் மறுபடி விலகும். எனக்குப் பிடிக்காது.

கேள்வி: ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் இடம் மாறுகிறது. இன்ஜின் சூடாகிறதா?

பதில்: விளக்குப் போட்ட நொடியில் தண்ணீர் சூடாகாது. டீசல் முள்ளும் கூடவே நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் டேஷ்போர்டின் எர்த், அல்லது பழைய வண்டியானால் மீட்டர்களுக்குப் பின்னால் இருந்து அவற்றுக்குச் சீரான வோல்ட்டைக் கொடுக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசர். மீட்டர் எர்த்திலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குத் தற்காலிகமாக ஒரு ஒயர் இழுத்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கேள்வி: லேசர் புள்ளி காட்டும் தெர்மாமீட்டரால் தெர்மோஸ்டாட் மூடியைப் பார்த்தேன், 58 டிகிரி. மீட்டர் 90 காட்டுகிறது. எது சரி?

பதில்: அநேகமாக மீட்டர். பளபளக்கும் அலுமினியத்தில் அந்தக் கருவி ஏமாந்துபோகும், குறைவாகவே காட்டும். ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டி, அது சூடானதும் அதன் மேல் காட்டிப் பாருங்கள்.