மரத்தடிக் காளானும் வேர்நுனியும்: கேள்வி பதில்

கேள்வி: நீலகிரி பைன் தோட்டத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட சிவப்புக் காளான் நிறைய முளைக்கிறது. அந்தப் பூஞ்சை பைன் வேரோடு கூட்டு வாழ்கிறது என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: அது அமானிடா மஸ்காரியா. பைனஸ் பாட்டுலா என்ற பைன் வகையின் வேரோடு அது சேர்வது நீலகிரியிலேயே பதிவாகியிருக்கிறது. ஆனால் மரத்தடியில் முளைத்தது என்பதே சான்றாகாது. சருகை மட்கவைக்கும் காளானும் அங்கேதான் முளைக்கும். வேர்நுனியைப் பார்க்க வேண்டும். காளானுக்கு நேர்கீழே 10–15 செ.மீ. ஆழத்துக்கு மண்ணைக் கட்டியாக வெட்டி, இரவு முழுக்க ஊறவைத்து, சல்லடையில் மெதுவாக அலசுங்கள். வேரைப் பிடித்து இழுத்தால் நுனிகள் மண்ணிலேயே தங்கிவிடும். கூட்டு நுனி குட்டையாக, தடித்து, இரண்டாகப் பிரிந்திருக்கும், வேர்த்தூவி இருக்காது. பிரிவை மட்டும் நம்பாதீர்கள், பூஞ்சை இல்லாமலும் பைன் வேர் அப்படிப் பிரியும். பிளேடால் மெல்லிய குறுக்குவெட்டு எடுங்கள்: வெளியே பூஞ்சை உறையும், வேரின் புறணிச் செல்களின் இடையே ஹார்டிக் வலையும் (பூஞ்சை இழைகளின் பின்னல்) தெரிந்தால் கூட்டு உண்டு. அதே காளான்தானா என்பதற்கு, ஒற்றை நுனியின் டிஎன்ஏவில் ஐடிஎஸ் பகுதியை (பூஞ்சை இனத்தை அடையாளம் காண உதவும் டிஎன்ஏ துண்டு) காளானுடையதோடு ஒப்பிட வேண்டும்.

கேள்வி: அதைச் சாப்பிடலாமா?

பதில்: நஞ்சு. வேண்டாம்.

கேள்வி: நுனிகளை ஃபார்மலினில் வைத்திருந்தேன் சார், பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கும் சோதனை) வரவே இல்லை.

பதில்: ஃபார்மலின் டிஎன்ஏவைக் கெடுத்துவிடும். 2% சிடாப் (டிஎன்ஏ பிரிப்பில் பயன்படும் வேதிப்பொருள்) கரைசலில் போடுங்கள், அல்லது உறைய வையுங்கள். வெட்டிப் பார்க்க மட்டும் என்றால் மண்ணோடு 4 டிகிரியில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடலாம்.

கேள்வி: சோலைக்காட்டு மர வேரில் உறையே தெரியவில்லையே?

பதில்: பெரும்பாலான சோலை மரங்களில் பூஞ்சை செல்லுக்குள்ளேயே இருக்கும், சாயம் ஏற்றினால்தான் தெரியும். முதலில் வேரின் நிறம் நீங்க, 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் 90 டிகிரியில் சுமார் ஒரு மணி நேரம் வையுங்கள். கறுத்த வேருக்கு இன்னும் கூடும், ஹைட்ரஜன் பெராக்சைடும் தேவைப்படும். கழுவி, 1% ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம், பிறகு 0.05% டிரிப்பான் நீலச் சாயத்தில் வையுங்கள். அமிலப் படியை விட்டால் சாயம் சரியாகப் பிடிக்காது. கையுறை கட்டாயம்.

கேள்வி: மரங்கள் பூஞ்சை வழியே பேசிக்கொள்கின்றனவாமே?

பதில்: 1997இல் சுசான் சிமார்ட் குழு கனடாவில் பிர்ச், டக்ளஸ் ஃபிர் கன்றுகளுக்கு இருவேறு கார்பன் ஐசோடோப்புகளை (தனித்து அடையாளம் காணக்கூடிய கார்பன் வகைகள்) கொடுத்து, கார்பன் இடம்மாறுவதைக் காட்டியது. ஆனால் அந்த இரண்டின் வேர்ப் பூஞ்சைகளோடு சேராத சீடார் கன்றிலும் கொஞ்சம் கார்பன் போயிருந்தது; ஆக, மண் வழியாகவும் போகலாம். 'பேச்சு' என்பதற்கு வனத்தில் கிடைத்த சான்று போதாது என்று 2023இல் மூன்று ஆய்வாளர்கள் விரிவாக எழுதினார்கள். என் கணிப்பும் அதுவே.

கேள்வி: சோலைக் கன்றுக்குப் பைன் அடி மண்ணைப் போடலாமா?

பதில்: வேண்டாம். பைனோடு சேரும் பூஞ்சையால் அந்தக் கன்றுக்குப் பயனில்லை. சோலை மண்ணையே ஒரு கைப்பிடி வேரருகில் போடுங்கள். பாஸ்பரஸ் உரத்தைக் குறையுங்கள், மிகுந்தால் பூஞ்சை வேரில் சரியாகப் பற்றாது.