ஸ்ரூடியோக்காரனைக் கேளுங்கோ

கேள்வி: இரணைமடுக் குளத்தடியில் பொழுதுபடுகிற நேரம் ஒரு கொக்கு எழும்பிப் பறப்பதை எடுத்தேன். குறுக்கே ஒரு மின்கம்பி. அதைப் போட்டோசொப்பில் அழித்துப் போட்டிக்கு அனுப்பினேன், தள்ளிவிட்டார்கள். எனக்குக் கலைச் சுதந்திரம் இல்லையா? (வாசகர், பரந்தன்)

பதில்: இருக்கிறது தம்பி. ஆனால் விதியை வாசித்துவிட்டா அனுப்பினீங்கள்? 2010இல் வேர்ல்ட் பிரஸ் போட்டோ என்ற செய்திப்படப் போட்டியில் பரிசு கிடைத்த ஸ்டெபான் ருடிக் என்பவரின் பரிசைப் பிறகு பறித்தார்கள். அவர் படத்தை நன்றாக வெட்டிச் சுருக்கி, கறுப்பு வெள்ளையாக்கி, ஓரங்களை இருட்டாக்கியிருந்தார். அது ஒன்றும் குற்றமாகவில்லை. பின்னால் தெரிந்த ஒருவரின் காலில் ஒரு துண்டை அழித்ததுதான் குற்றம். உங்கள் கம்பியும் அந்தக் கால் மாதிரித்தான்.

இது கொம்பியூட்டர் கொண்டுவந்த வியாதி என்று நினைக்க வேண்டாம். போட்டோசொப் வந்தது 1990இல். அதற்கு எட்டு வருஷம் முந்தியே, 1982 பெப்ரவரியில், நஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகை தன் நெட்டான அட்டைக்குள் அடக்குவதற்காகக் கீசா பிரமிட்டுகளைக் கிட்டக் கிட்ட நகர்த்தி, வாங்கிக் கட்டிக்கொண்டது. மற்றப் பக்கம் எங்கள் நாட்டுப் படக்கலைஞர் லயனல் வென்ட்டைப் பாருங்கோ. 1944இல் இறந்த மனுஷன். நெகடிவ்களை ஒன்றோடொன்று சேர்த்தார், இருட்டறைக்குள் ஒளியையும் நிழலையும் புரட்டிப் போட்டார். அதைக் கலை என்றுதான் கொண்டாடுகிறோம், ஏனென்றால் ‘இப்படித்தான் நடந்தது’ என்று சொல்லி அவர் அதை நீட்டவில்லை.

உங்கள் படத்தைக் கம்பி இல்லாமல் பெரிதாக்கி வீட்டுச் சுவரில் மாட்டுங்கோ, ஒருத்தரும் கேட்க முடியாது. போட்டிக்குக் கம்பியோடு அனுப்புங்கோ. என்னைக் கேட்டால், கம்பிக்கு மேலால் எழும்புகிற கொக்குத்தான் இன்றைய இரணைமடு.

கேள்வி: கலியாண அல்பத்தில் என்னை வெள்ளைக்காரியாக்கிப் போட்டார்கள். என் பிள்ளை, “அம்மா, இது ஆர்?” என்று கேட்கிறாள். (வாசகி, மல்லாவி)

பதில்: நானும் செய்த பாவம்தான் தங்கச்சி. கேட்காமலே வெளுப்பது எங்கள் தொழிலில் ஒரு பழக்கதோஷம். மருதாணிக் கையைக் கன்னத்தில் வைத்த படம் இருந்தால் பாருங்கோ, முகம் ஒரு நிறம், கை ஒரு நிறமாக இருக்கும். ஸ்ரூடியோவில் அசல் கோப்புகள் இருக்கின்றனவா என்று கேட்டு, இருந்தால் நாலு படமாவது உங்கள் நிறத்திலேயே திருப்பி அடிப்பியுங்கோ. காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: மகளுக்கு வைகாசியில் கலியாணம். தகப்பனை 2009இல் முள்ளிவாய்க்காலில் தவறவிட்டோம், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். அதனால் மாலை போட்ட படம் வீட்டில் வைத்ததில்லை. கலியாணப் படத்தில் அவர் நிற்கிற மாதிரிச் சேர்க்கலாம் என்று ஸ்ரூடியோவில் சொல்கிறார்கள். அது பொய்ப்படம் என்கிறார் என் தமையன். இருப்பது 1998இல் அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம் ஒன்றுதான். (வாசகி, புதுக்குடியிருப்பு)

பதில்: அக்கா, அந்தப் படத்தை வீட்டில் ஆர் பார்த்து ஏமாறப் போகிறார்கள்? அவர் அன்றைக்கு அங்கே நிற்கவில்லை என்பது வாற சனம் எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கும் மகளுக்கும் மனம் இருந்தால் சேருங்கோ. அதைத் தீர்மானிக்கிற சுதந்திரம் உங்களுடையது, ஸ்ரூடியோக்காரனுடையதும் இல்லை, தமையனுடையதும் இல்லை.

ஆனால் இருக்கிற ஒரே படத்தை ஒருத்தரும் ‘அழகாக்க’ விடாதீங்கோ. நான் செய்த பிழை ஒன்றைச் சொல்கிறேன். 2012இல் ஒரு தாய், பொலித்தீன் பையில் சுற்றின படம் ஒன்று கொண்டுவந்தா. தண்ணி பட்டு ஒரு மூலை உரிந்திருந்தது. பதினேழு வயதுப் பெடியன், காணாமல் போனவன். உரிந்த மூலையைத் திருத்தினேன், கறையை எடுத்தேன், அந்தக் கையோடு இடது புருவத்துக்கு மேலே இருந்த வெட்டுத் தழும்பையும் எடுத்துவிட்டேன். நல்ல வேலை செய்த புளுகத்தோடு பிரின்ரை நீட்டினேன். அவ கனநேரம் பார்த்தா. பிறகு விரலால் அந்தப் புருவத்தைத் தொட்டு, “மதகில சைக்கிளோட விழுந்த காயம் தம்பி. இது இல்லாட்டி நான் எதை வச்சு அவனைக் காட்டுறது?” என்றா. கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியில் காணாமல் போனவர்களின் தாய்மார் படங்களோடு போராட்டத்தில் இருக்கத் தொடங்கினபோது, ஒவ்வொரு படத்திலும் புருவத்தைத்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

போனில் ‘தெளிவாக்குகிற’ செயலிகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன. மங்கிப்போன இடத்தில் உங்கள் மனுஷனின் கண்ணை அது எங்கே கண்டது? மற்ற முகங்களைப் பார்த்துப் பழகினதை வைத்து ஊகித்து நிரப்புகிறது. அவரைத் தேடித் தரச் சொல்லி அலுவலகங்களுக்குக் கொடுக்கிற படம் அதற்குள் போகவே கூடாது.

கலியாணப் படத்துக்கு அது தேவையும் இல்லை. அடையாள அட்டைப் படம் சின்னன்தான், ஆனால் காணும். 1200 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 1200 புள்ளி வீதம், ஸ்கான் பண்ணினால் உயரத்துக்கு ஆயிரம் புள்ளிக்கு மேல் கிடைக்கும். குடும்பமாக நிற்கிற படத்தைப் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில் அடித்தாலும் ஒரு முகத்துக்கு முந்நூறு புள்ளியளவில்தான் போகும். படம் எடுக்கையில் மகளுக்குப் பக்கத்தில் இடம் விட்டு, அவருடைய உயரமுள்ள ஒருவரை வேட்டியோடு நிறுத்தி ஒன்று எடுப்பியுங்கோ, தலையை மட்டும் மாற்றலாம். மண்டப வெளிச்சத்தில் வேண்டாம். அட்டைப் படத்தில் வெளிச்சம் நேரே முகத்தில் விழுந்திருக்கும், பந்தலுக்கு வெளியே மர நிழலில் எடுத்தால்தான் ஒத்துப்போகும்.

தலைமயிரை நரைக்க வைக்கட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கோ. மகளுக்கு ஐந்தாறு வயது மூத்தவர் போல நிற்பார், நிற்கட்டும். நரைத்த மனுஷனை நீங்களே இன்னும் காணவில்லையே.

அவரைச் சேர்க்காத படத்திலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கோ. சேர்த்த படத்தின் பின்பக்கத்தில் திகதியும் ‘அப்பாவைப் பிறகு சேர்த்தது’ என்றும் எழுதுங்கோ. பென்சிலால், மெதுவாக. போல்பொயின்ற் பேனை என்றால் முன்பக்கத்தில் தடம் விழும்.