தரம் மூன்றுக்குப் போன் எதற்கு? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கிளிநொச்சிப் பக்கம் 17 வருடமாக ஆரம்பப்பிரிவில் படிப்பிக்கிறேன். போன், கணினி, மல்டிமீடியா எதையாவது சின்ன வகுப்புகளில் பாவிப்பது பற்றிக் கேளுங்கள் என்றேன், நிறையவே கேட்டுவிட்டீர்கள். பின்னேரம் முழுக்க இருப்பேன். கறண்ட் போனால் மிச்சம் நாளைக்கு.

துணுக்காய், தரம் 3 ஆசிரியை: வகுப்பில் 31 பேர். எட்டுப் பேருக்கு இன்னும் வாசிக்க வராது. என்னிடம் இருப்பது என் போன் மட்டும்தான். எந்தச் செயலி நல்லது?

செயலியே வேண்டாம் ரீச்சர். போனில் ஏற்கெனவே இருக்கிற ஒலிப்பதிவு காணும். பாடப்புத்தகத்தில் நாலு வரியை வாசிக்கச் சொல்லிப் பதியுங்கள், உடனே அந்தப் பிள்ளையின் காதோடு வைத்துப் போட்டுக் காட்டுங்கள். புத்தகம் முன்னால் திறந்தே இருக்க வேண்டும். என் வகுப்பில் ஒருவன் ‘கல்’லையும் ‘கால்’லையும் ஒரே மாதிரித்தான் வாசிப்பான், நான் எத்தனை தரம் திருத்தியும் ஏறவில்லை. தன் குரலைக் கேட்டபோது விரல் தானாக ‘கால்’லில் இருக்கும் அரவில் (ா) போய் நின்றது. “சேர், இது நீட்டோணும்” என்றான். நான் வாயே திறக்கவில்லை.

எட்டுப் பேரையும் ஒரே நாளில் பிடிக்காதீர்கள். நாளுக்கு இரண்டு பேர், ஆளுக்கு ஒரு நிமிடம், மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் வகுப்பின் பின்பக்கத்தில். பதிவுக்குப் பெயர் போடாமல் இடாப்பு இலக்கமும் திகதியும் போடுங்கள். ஒரு தவணை முடிய முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் தாயைக் கூப்பிட்டுக் கேட்க விடுங்கள், புள்ளி அட்டை சொல்லாததை அது சொல்லும். ஆனால் அந்தக் குரல் வாட்ஸப் குழுவுக்கோ முகநூலுக்கோ போகக்கூடாது. தடக்கித் தடக்கி வாசிக்கிற பிள்ளையை ஊருக்குக் காட்டுவதற்கு எங்களுக்கு உரிமை இல்லை.

ஒட்டுசுட்டான், அதிபர்: ஸ்மார்ட் போர்ட் வந்து ஒரு வருடம். ஆசிரியர்கள் தொடுகிறார்களே இல்லை. பயிற்சி வைக்கலாமா?

வைக்கலாம் சேர். அதற்கு முதல், அந்த அறையின் திறப்பு யாரிடம் இருக்கிறது? நான் முன்பு இருந்த ஒரு பாடசாலையில் போர்ட்டின் பிளாஸ்டிக் உறையே கழற்றவில்லை. பழுதானால் தன் சம்பளத்தில் வெட்டுவார்களோ என்ற பயம்தான் எல்லோருக்கும். பழுதானால் நான் பதில் சொல்கிறேன் என்று கூட்டத்தில் உங்கள் வாயால் சொல்லிப் பாருங்கள், பாதிப் பயிற்சி அதிலேயே முடிந்துவிடும். சாமான் வந்தால் படிப்பு வரும் என்றும் இல்லை. பெரு நாட்டில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி கொடுத்த திட்டத்தை 319 பாடசாலைகளில் ஆராய்ந்து 2012இல் முடிவு வெளியிட்டார்கள். கணிதத்திலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறியதாகத் தெரியவில்லை.

விசுவமடு, ஒரு தாய்: தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு நல்ல யூடியூப் பக்கம் சொல்லுங்கள்.

அக்கா, அது இன்றைய விஷயம் இல்லை. வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.

மாங்குளம் உள்பக்கம், ஆசிரியர்: சிக்னலுக்குக் குளக்கட்டில் ஏற வேண்டும். எங்களுக்கு இதெல்லாம் சரிவருமா?

வரும். இணையத்தை நம்பிப் பாடம் வைக்காதீர்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது, டவுணில் இருப்பவர்களுக்கும்கூட. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பாடப்புத்தகங்களைப் பிடிஎப்பாகப் போட்டிருக்கிறது, கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழிலும் பாடங்கள் இருக்கின்றன. டவுணுக்குப் போகிற நாளில் பென்ட்ரைவில் இறக்குங்கள். கதைக்கு ஸ்டோரிவீவர் என்ற இணையத்தளம். அதில் இருப்பவை திறந்த உரிமம், அச்சடித்து வகுப்பில் தொங்கவிடலாம், யாரிடமும் கேட்கத் தேவையில்லை. பழைய மடிக்கணினி ஒன்று கிடைத்தால் கொலிப்ரி என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். பாடங்களை ஒருமுறை இறக்கிவிட்டால் வகுப்புக்குள்ளேயே வைஃபை வைத்து மற்றக் கருவிகளில் திறக்கலாம், வெளி இணையம் தேவையில்லை.

ஒன்று கவனியுங்கள். இந்திய வீடியோவில் காசுக் கணக்குக்குப் பைசா வரும், எங்கள் பிள்ளைக்குத் தெரிந்தது சதம். முதல் நாள் இரவே முழுக்கப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

முள்ளியவளை: புலமைப்பரிசில் கடந்தகால வினாத்தாள் வீடியோ…

மேலே பாருங்கள்.

செட்டிகுளம், ஆசிரியை: நான் அடித்த பயிற்சித்தாள் மற்றக் கணினியில் ஆங்கில எழுத்தாகத் தெரிகிறது.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறீர்கள். நீங்கள் ‘அம்மா’ அடித்தால் கணினிக்குள் போவது நாலைந்து ஆங்கில எழுத்துக் குறிகள், நடுவில் ஒரு அரைப்புள்ளி வேறு. எழுத்துரு மேலே தமிழ் வேஷம் போடுகிறது, அவ்வளவுதான். அது இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிக்கோட்டுக்கு மாறுங்கள்.

புதுக்குடியிருப்பு, ஒரு சேர் (இடையில் வந்து): 20 வருடம் பாமினியில் பழகிய கை. பிள்ளைகள் பார்ப்பது அச்சடித்த தாளைத்தானே. உங்கள் யூனிக்கோட்டால் அவர்களுக்கு என்ன லாபம்?

நியாயமான கேள்வி. தாளோடு முடிகிறது என்றால் லாபம் ஒன்றும் இல்லை. ஆனால் என்னிடம் பார்வை குறைந்த பிள்ளை ஒன்று இருந்தது. பயிற்சியைப் போனில் போட்டுத் தமிழில் சத்தமாக வாசிக்க விட்டால் அது கேட்டுக் கேட்டுச் செய்யும். பாமினியில் அடித்ததைப் போட்டேன், போன் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக உளறியது, வகுப்பே சிரித்தது. பிள்ளை சிரிக்கவில்லை.

அதே சேர்: அதற்காக நான் இந்த வயதில் திரும்பத் தட்டச்சுப் பழகுவதா? பரீட்சைக்கு முதல் நாள் 12 பக்கம் அடிக்கிறவனுக்குத்தான் தெரியும்.

செட்டிகுளம் ரீச்சர்: சேர் சொல்வதும் சரிதானே?

இரண்டு பேரும் பொறுங்கள். விசைப்பலகை வேறு, எழுத்துருக் குறியீடு வேறு. என்எச்எம் ரைட்டர் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, அதில் பாமினி விசைப்பலகையைத் தெரிவு செய்யலாம். உங்கள் விரல் போகிற இடத்துக்கே போகும், வெளியே வருவது யூனிக்கோட். பழைய தாள்களை யூனிக்கோட்டாக்க மாற்றி மென்பொருளும் இருக்கிறது, அதில் ஒட்டினால் மாற்றித் தரும். மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துப் பாருங்கள், ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் சிலவேளை குழம்பும்.

பரந்தன்: புலமைப்பரிசிலுக்கு…

இல்லை. ஒன்பதாவது ஆள் நீங்கள்.

முதல் கேட்ட துணுக்காய் ரீச்சர்: இன்றைக்கு ஒன்றைப் பதிந்து பார்த்தேன். பிள்ளை தன் குரலைக் கேட்டு வெட்கப்பட்டு மேசைக்குக் கீழே போய்விட்டது.

விடுங்கள், வரும். நாளைக்கு முதலில் உங்கள் குரலைப் பதிந்து, இரண்டு இடத்தில் வேண்டுமென்றே பிழையாக வாசித்துப் பிள்ளையைத் திருத்தச் சொல்லுங்கள்.

புதுக்குடியிருப்பு சேர்: இறக்கிவிட்டேன். கொம்பு இரண்டு இடத்தில் பிழைதான். மிச்சம் சரி.