சம்பள வேலையா, சொந்த மருந்தகமா?

வணக்கம். பல ஆண்டுகளாகச் சம்பளத்துக்குப் பணிபுரியும் மருந்தாளுநரான நீங்கள், ஓய்வுபெறவிருக்கும் உரிமையாளர் தம் மருந்தகத்தை உங்களுக்கே விற்க முன்வந்திருப்பதாகவும், கடன் வாங்கி அதை ஏற்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

விற்பனைத் தொகையை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். கையிருப்பை அலமாரி அலமாரியாக நீங்களே எண்ணிப் பாருங்கள். காலாவதி நெருங்கிய மாத்திரை அட்டைகளையும், எழுதித்தந்த மருத்துவர் இடம் மாறிவிட்டதால் பின்வரிசையிலேயே தங்கிவிட்ட குப்பிகளையும் தனியே பிரித்து, அவற்றின் மதிப்பைக் கழித்த பிறகே விலை பேசுங்கள். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. குளிர்பதனப் பெட்டி பழுதானால், ஊழியராக அம்மருந்தை ஒதுக்கிவைத்துத் தகவல் சொல்வீர்கள், உரிமையாளராகிவிட்டால் அந்த நட்டமும் உங்கள் தலையில்தான் விழும்.

அதைவிடக் கடினமானது பணப்புழக்கம். மொத்த வியாபாரிக்குக் கெடு தவறாமல் பணம் கட்டியாக வேண்டும். காப்பீட்டு வழியில் வரவேண்டிய தொகையோ தாமதமாகத்தான் வந்து சேரும். லாபத்தில் நடக்கும் கடைகள்கூட இந்த இடைவெளியில் தடுமாறுவதுண்டு.

ஆயினும், பல மருந்துகளை ஒருசேர உட்கொள்ளும் முதியவரை உட்காரவைத்து, எது எதனுடன் ஒத்துப்போகாது என்று பொறுமையாக விளக்கும் நேரத்தை நீங்களே தீர்மானிக்கலாம் என்பது, என்னைப் பொறுத்தவரை, எந்தச் சம்பளத்தாலும் ஈடுசெய்ய முடியாத ஆதாயம்.

எனவே உடனே முழுவதையும் வாங்காமல், முதலில் சிறு பங்குதாரராகச் சேர்ந்து, ஓராண்டு கொள்முதலையும் கணக்கையும் நீங்களே நடத்துங்கள். மீதிப் பங்கின் விலையை எப்படிக் கணக்கிடுவது என்பதை இப்போதே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.